பேச்சியின் பயமும் வள்ளியின் பயமும்

பினாங்கில் ஒரு பிள்ளை வகுப்பில் பேசாமலிருந்தால் டீச்சர் வீடு தேடி வந்துவிடுகிறார். நம் பக்கம் பேசாத பெண்பிள்ளையை அடக்கமானவள் என்போம். என் மகள் வள்ளிக்குப் பன்னிரண்டு வயது. சில வாரங்களாக அவள் பள்ளியில் வாயே திறப்பதில்லை என்று சொல்ல வந்த மலாய் டீச்சர், என்னைப் பார்த்து, "தாக்குத்?" என்று கேட்டார். கடைத்தெரு மலாய் மட்டுமே தெரிந்த நான், தகடு மந்திரித்துக் கட்டினாயா என்று கேட்கிறாராக்கும் என நினைத்து, "கட்டியாச்சு டீச்சர்" என்று வள்ளியின் கழுத்துக் கயிற்றை இழுத்துக் காட்டினேன். அவர் விழித்தார். அந்த வார்த்தைக்குப் பயம் என்று அர்த்தம் எனப் பிறகு என் கணவர் சொன்னார்.

பயம் எனக்குத்தான். இந்த வாயடைப்பை நான் முன்பே பார்த்திருக்கிறேன்.

ஐம்பதுகளின் தொடக்கம். எங்கள் ஊர் ஆமத்தூரில் மழையில்லை, காட்டு வேலையுமில்லை. நானும் தங்கச்சி பேச்சியும் சிவகாசிப் பக்கம் ஒரு வெடிக் கம்பெனிக்குப் போனோம். ஒருநாள் மருந்து கலக்கும் அறை வெடித்தது. பேச்சியின் கூட்டுக்காரி மாரி உள்ளே இருந்தாள். வெளியே கொண்டுவந்து கிடத்தியதைப் பேச்சி பார்த்துவிட்டாள். அதற்குப் பிறகு அவளுக்குத் தூக்கமில்லை. அடுப்பில் சுள்ளி வெடித்தால்கூடச் சுவரோடு ஒட்டிக்கொள்வாள்.

தீபாவளிச் சீசன். கம்பெனி ஆள் வந்து, "ஆர்டர் கெடக்கு, பிள்ளைய அனுப்புங்க" என்றார். காய்ச்சல் என்று சொல்லி அவரை அனுப்பிவிட்டு அப்பா எங்களிடம், "வெளிய மூச்சு விட்றாதீக. ரெண்டையும் கட்டிக்குடுக்கணும்" என்றார்.

கோடாங்கி வந்து உடுக்கடித்து, செத்தவள் பிடித்திருக்கிறாள் என்றார். வேப்பங்குழையால் அடித்தார். பேச்சி என் கையைப் பற்றிக்கொண்டு, "யக்கா, என்னைய யாரும் பிடிக்கல. எனக்குப் பயமா இருக்கு, அம்புட்டுதான்" என்றாள். மதுரைப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகலாம் என்று அம்மாவிடம் கெஞ்சினேன். "பைத்தியம்னு ஊரு பேரு வச்சிரும்டி. பேய்னா ஓட்டிரலாம்" என்றாள். அம்மா கொடுமைக்காரி இல்லை. அவளுக்கும் பயம்.

ஒரு கோயில் மண்டபத்தில் பேச்சியின் காலில் சங்கிலி பூட்டினார்கள். சோறு கொண்டுபோகும்போதெல்லாம் வீட்டுக்கு வருகிறேன் என்று அழுவாள். பிறகு அழுவதை நிறுத்தினாள், பேச்சையும் நிறுத்தினாள். பேய் போய்விட்டது என்று அழைத்துவந்து மல்லாங்கிணறு என்ற ஊரில் கட்டிக்கொடுத்தார்கள். எனக்கும் கல்யாணமாகி, பினாங்குக்குக் கப்பலேறினேன். இன்றைக்கும் அவள் நாலு வார்த்தை சேர்த்துப் பேசுவதில்லையாம்.

இங்கே டீச்சரே எங்களை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனார். குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி உண்டா என்று டாக்டர் கேட்டதை அங்கிருந்த தமிழ் நர்ஸ் எனக்குச் சொன்னார். சொல்லாதே என்பதுபோல் என் கணவர் பார்த்தார். "எந்தங்கச்சிக்கு" என்றேன்.

பிறகு டாக்டர் வள்ளியோடு தனியே பேசினார். கதவுக்கு அந்தப் பக்கம் அவள் மலாயில் அழுதது கேட்டது. ஒரு சொல்லும் எனக்குப் பிடிபடவில்லை. நர்ஸ்தான் வந்து விளக்கினார். புதுச் சட்டப்படி இங்கே பிரஜை ஆகாதவர்களுக்கு இனி வேலைப் பெர்மிட் வேண்டும், கிடைக்காவிட்டால் ஊருக்குக் கப்பலேற வேண்டியதுதான் என்று நாங்கள் வீட்டில் பேசியதை வள்ளி கேட்டிருக்கிறாள். பார்த்தேயிராத ஊருக்குத் தன்னை அனுப்பிவிடுவார்கள் என்று நினைத்துத்தான் உள்ளுக்குள் ஒடுங்கிப் போயிருக்கிறாள்.

வாரந்தோறும் வரச் சொன்னார்கள். போகிறோம். இப்போது கொஞ்சம் சாப்பிடுகிறாள், கொஞ்சம் பேசுகிறாள். அந்த முதல் நாள் திரும்பும்போது பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து, "அம்மா, நான் ஆமத்தூருக்குப் போகணுமா?" என்று கேட்டாள்.

"வேணாம்மா. நாம போகவேணாம்" என்றேன்.

அவள் தூங்கிப்போனாள். அவளைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே இருந்தேன். மல்லாங்கிணற்றுக் கரிசல் காட்டில் பேசாமல் களை வெட்டிக்கொண்டிருக்கும் பேச்சியை ஒருதரம் போய்ப் பார்க்கவேண்டும் என்பதை, மகளுக்குக் கேட்காமல், வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டேன்.