எது நல்ல தண்ணி

அக்காவின் நிச்சயத்தன்று வீட்டில் ஏழு பேர் இருந்தோம். அத்தா, அம்மா, அக்கா, அத்தாவின் தம்பியான சின்னத்தா, நான். வந்தவர்கள் மாப்பிள்ளையின் அம்மாவான மாமியும் அவருடைய வீட்டுக்காரரான மாமாவும். இந்த ஏழு பேரில் யாருக்குத் தெரிந்திருக்கும், யாருக்குத் தெரிந்திருக்காது என்று இத்தனை வருஷமாக ஆள் ஆளாகக் கழித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். கழித்தல் கணக்கு எனக்கு எப்போதும் எங்கேயாவது இடிக்கும்.

அதற்கு முந்தைய மாதம் காரியாபட்டியிலிருந்து அக்காவைப் பெண் பார்க்க வந்த மாமி, மடியில் வைத்து ஒரு பூந்தொட்டி கொண்டுவந்தார். ஆர்கிட்டாம். தொட்டியில் மண்ணே இல்லை. கரித்துண்டும் தேங்காய் மட்டையும்தான் கிடந்தன. அதன் மேல் நாலு தடித்த இலைகள், ஒரு காம்பில் ஊதாப் பூ.

“பெங்களூர்லேர்ந்து எம் மகன் கொண்டாந்தது. எங்க வீட்டு வெயில் இதுக்குத் தாங்கல. ஒங்க முத்தத்துல நெழல் இருக்கே, இங்கன இருக்கட்டும். நல்ல தண்ணியா ஊத்துங்க, அம்புட்டுத்தான். நிச்சயத்துக்கு வர்றப்ப பாக்குறேன்.”

அவர்கள் கார் தெருமுனை திரும்புவதற்குள் அம்மா தீர்ப்பு சொல்லிவிட்டாள். “செடியவா வச்சிட்டுப் போறாக? நாம ஒண்ண எப்படி வச்சுக் காப்பாத்துவோம்னு பாக்கத்தான் வச்சிட்டுப் போறாக.” அக்காவுக்கு அதற்கு முன் இரண்டு இடம் வந்து திரும்பிப் போயிருந்தது. ஒன்று நகையில் நின்றது. இன்னொன்றுக்குக் காரணமே சொல்லவில்லை. மூன்றாவதும் போனால் செடியால் போனதாகிவிடும். வீட்டிலேயே அதிகமாகக் கவலைப்படுகிற ஆள் என்பதால் தண்ணீர் ஊற்றும் வேலை பத்து வயதான என் தலையில் விழுந்தது.

விருதுநகரில் தண்ணீர் என்றால் இரண்டு. போரில் வருவது உப்புத் தண்ணி. குளிக்க, துவைக்க, கழுவ. சோப்பு நுரைக்காது, வாளி ஓரமெல்லாம் வெள்ளை படியும். குழாயில் என்றைக்காவது வருவது நல்ல தண்ணி. குடிக்க, சோறு பொங்க. அதை ஒரு சொம்பு கீழே கொட்டினாலும் அம்மா கையை ஓங்கிவிடுவாள். அதைச் செடிக்கு ஊற்ற மனசு வராமல், மாமி சொன்ன ‘நல்ல தண்ணி’க்கு, அழுக்கில்லாத தண்ணீர் என்று அம்மா பொருள் எடுத்துக்கொண்டாள். போர்த் தண்ணீரையே வெள்ளைத் துணியில் வடிகட்டிக் கொடுத்தாள்.

பத்தாம் நாள் கரித்துண்டுகளில் வெள்ளை பூத்தது. இலை நுனி கருகியது. பூ உதிர்ந்தது. அம்மா அதே தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றி ஊற்றச் சொன்னாள். எம். புதுப்பட்டியில் ஒரு வெடி கம்பெனிக்கு லோடு வண்டி ஓட்டுகிற சின்னத்தா அதைப் பார்த்துச் சிரித்தார்.

“மதினி, கொழம்ப சுண்ட வச்சா உப்புக் கூடுமா, கொறையுமா? எங்கிட்ட பேட்டரித் தண்ணி இருக்கு. துளி உப்புக் கெடையாது. அத ஊத்துங்க.”

“குடிச்சா கொடலு வெந்துரும்னு நீங்கதான சொன்னீக?”

“அது ஆசிட்டு. இது வெறும் தண்ணி.”

“ரெண்டும் ஒரே மாதிரி கேன்லதான கெடக்கு? சும்மா இருக்கீகளா கொஞ்சம்!”

அந்த வீட்டில் சரியான தண்ணீரைச் சொன்ன ஒரே ஆள் அவர்தான். அவர் பேச்சை யாரும் கேட்பதில்லை என்பது எங்கள் வீட்டு வழக்கம்.

எனக்குச் சோறு இறங்கவில்லை. பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்திருந்தாலும் முற்றத்தில் ஓர் இலை விழுகிற மாதிரியே இருக்கும். யோசித்து யோசித்துக் கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தேன். நல்ல தண்ணியிலேயே நல்ல தண்ணி பீரோவில் இருந்தது. பக்கத்து வீட்டார் ஹஜ்ஜுக்குப் போய்வந்தபோது மக்காவின் புனிதக் கிணற்றிலிருந்து கொண்டுவந்து கொடுத்த ஜம்ஜம் தண்ணீர், ஒரு பாட்டில். ஹஜ் முடித்தவரான மாமிக்கு நிச்சயத்தன்று கொடுக்கவேண்டும் என்று அம்மா சேலைக்கு அடியில் பத்திரப்படுத்தியிருந்தாள்.

மத்தியானம் அம்மா கண்ணயரும் நேரத்தில் ஒரு மூடி எடுப்பேன். அல்லாஹ்வின் பெயரால் என்று பிஸ்மி சொல்லி ஊற்றுவேன். எடுத்த அளவுக்குக் குடத்திலிருந்து குழாய்த் தண்ணீரை பாட்டிலில் நிரப்பிவிடுவேன். நான் ஒரு சொட்டுக்கூடக் குடிக்கவில்லை. குடித்தால் திருட்டாகிவிடுமே! ஒரு மூடி இரண்டானது, இரண்டு நாலானது. செடியோ இன்னும் மோசமானது. அடி இலை மஞ்சளாகிக் கழன்று விழுந்த அன்று, அல்லாஹ்வுக்கே என் மேல் கோபம் என்று முடிவு செய்தேன். நிச்சயத்துக்கு முந்தின நாள் பாட்டிலில் இருந்தது, எனக்குத் தெரிந்தவரை, குழாய்த் தண்ணீர் மட்டும்தான்.

அவர்கள் வந்தார்கள். மாமி வீட்டுக்குள் வராமல் நேரே முற்றத்துக்குப் போய்க் குத்தவைத்து உட்கார்ந்தார். கரித்துண்டில் படிந்த வெள்ளையை நகத்தால் சுரண்டினார். மிச்சமிருந்த மூன்று இலைகளையும் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார். கதவுக்குப் பின்னால் அக்கா என் தோளை இறுக்கிப் பிடித்திருந்தாள், வலித்தது. மாமி கையைத் தட்டிவிட்டு எழுந்து உள்ளே வந்தார்.

அம்மா சின்னச் சின்ன தம்ளர்களில் பாட்டில் தண்ணீரைக் கொண்டுவந்து நீட்டினாள். “ஜம்ஜம்” என்றாள், குரலை இறக்கி. மாமி முக்காட்டைச் சரிசெய்து, மக்காவின் திசையான கிப்லாவைப் பார்த்து நின்று, பிஸ்மி சொல்லி ஒரு மிடறு குடித்தார். நிறுத்தினார். தம்ளருக்குள் பார்த்தார்.

பக்கத்தில் நின்றிருந்த அவர் வீட்டுக்காரரும் ஹாஜியார்தான். அவரும் ஒரு வாய் குடித்துவிட்டு, “என்ன இது, சப்புன்னு...” என்று ஆரம்பித்தார்.

“துஆ கேக்குற நேரத்துல என்ன பேச்சு? வாய மூடிக்கிட்டுக் குடிங்க” என்றார் மாமி.

எல்லாரும் சிரித்தார்கள். மாமாவும் அசடு வழிந்தபடி குடித்து முடித்தார். மாமி மிச்சத்தை இன்னும் இரண்டு மிடறாகக் குடித்துக் கையேந்தினார். அந்த துஆ, அந்தப் பிரார்த்தனை, நீண்டுகொண்டே போனது.

“எப்படி இருக்கு?” என்றாள் அம்மா.

“நல்ல தண்ணி” என்றார் மாமி.

அம்மாவின் முகத்தை நீங்கள் பார்த்திருக்கவேண்டும். அக்காவின் நிச்சயம் அங்கேயே முடிந்த மாதிரி பூரித்துப்போனாள். வெற்றிலைத் தட்டு வந்தது, பாத்திஹா ஓதினார்கள், தேதி குறித்தார்கள்.

ஜம்ஜம் தண்ணீரில் லேசாக ஒரு கரிப்பு உண்டு என்பதும், ஒருமுறை குடித்த நாக்கு அதை மறக்காது என்பதும், பத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்து யாரோ கொடுத்து நானே குடித்தபோதுதான் தெரிந்தது. தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

கிளம்பும்போது மாமி என்னைத் தனியே முற்றத்துக்குக் கூப்பிட்டார். “நீதான தண்ணி ஊத்துறவ?” என்றார். தலையாட்டினேன். “இனி மழைத் தண்ணி மட்டும் பிடிச்சு ஊத்து. வேற எந்தத் தண்ணியும் வேணாம், என்ன? செத்தாச் சாகுது புள்ள. செடியப் பாக்கவா நாங்க வந்தோம்?” என்று என் கன்னத்தைத் தட்டிவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார்.

எனக்கு அவர் சொன்னதில் பாதிதான் காதில் விழுந்தது. பங்குனி வெயில் தீயாய்க் காய்ந்துகொண்டிருந்தது, வானத்தில் பொட்டு மேகம் கிடையாது. அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றேன். இந்த ஊரில் மழைக்கு நான் எங்கே போவேன் என்பதுதான் அன்றைக்கு என் கவலையெல்லாம்.