கீழே வைங்க

எங்கள் வீட்டுக் கதவுக்குப் பின்னால் ஓர் ஆணியில் மாமாவின் கம்பளி தொங்கிக்கொண்டிருக்கும். மாமா என்றால் என் கணவரின் தகப்பனார். அது குளிருக்குப் போர்த்துகிற கம்பளி இல்லை. நோர்வூட்டுக்கு மேலே இருக்கிற எங்கள் தேயிலைத் தோட்டத்து டிவிசனில், நாங்கள் குடியிருக்கிற வரிசை வீட்டு லயத்துக்கும் ரோட்டுக்கும் நடுவே வாகனம் வரும் வழி கிடையாது. தேயிலைக்குள் இறங்குகிற படிக்கட்டுப் பாதை மட்டும்தான். யாருக்காவது மோசமாகிவிட்டால் இரண்டு கழிகளில் அந்தக் கம்பளியைக் கட்டி, ஆளை அதில் கிடத்தித் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். முன்னால் தோள் கொடுப்பவர் எப்போதும் மாமாதான். பிரசவ வலி கண்டவர்கள், குளவி கொட்டியவர்கள், தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தி பட்டவர்கள் என்று டிவிசனில் பாதிப் பேர் அதில் போனவர்கள். நானும் என் மூத்தவளைப் பெறுவதற்கு அதில்தான் போனேன். "பொறுத்துக்க தாயி, இந்தா வந்துருச்சு ரோடு, இந்தா வந்துருச்சு" என்று மாமா வழி முழுக்கப் பொய் சொல்லிக்கொண்டே வந்தார். அதற்கு முன்னாலும் பின்னாலும் அவர் என்னிடம் நேருக்கு நேர் பேசியது குறைவு. நானும் அவர் முன்னால் நாற்காலியில் உட்கார்ந்ததில்லை.

எங்கள் ஆட்களுக்கு உதவி என்றாலே தூக்குவதுதான். விழுந்த ஆளுக்கு என்ன ஆயிற்று என்று குனிந்து பார்க்க மாட்டார்கள். "தூக்கு, தூக்கு" என்றுதான் முதல் சத்தம் வரும். சோற்றில் கை வைத்தவன்கூட அப்படியே எழுந்து வருவான். அந்தப் பதைப்பில் எவ்வளவு அன்பு இருக்கிறது என்பது அதில் படுத்துப் போன எனக்குத் தெரியும். அதனால்தான் பிறகு வந்த அந்த ஞாயிற்றுக்கிழமையை நினைத்தால் இன்றும் என்னால் ஓரிடத்தில் உட்கார முடிவதில்லை.

எனக்குப் பிள்ளை மடுவத்தில் வேலை. கொழுந்தெடுக்கப் போகிற தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற இடம் அது. அங்கே வேலை செய்கிறவர்களுக்கு உயிர்காப்புப் பயிற்சி வேண்டும் என்று எங்களை ஹட்டனுக்கு அனுப்பினார்கள். ஒரு தாதி மிஸ், கையில்லாத காலில்லாத பொம்மைகளை வைத்துக்கொண்டு சொல்லிக் கொடுத்தார். பச்சைக் குழந்தைக்கு நெஞ்சு நடுவில் இரண்டு விரல்; அதன் மூக்கையும் வாயையும் சேர்த்து நம் வாயால் மூடி, கன்னத்தளவு காற்று. கொஞ்சம் பெரிய பிள்ளைக்கு ஒரு உள்ளங்கை. பெரிய ஆளுக்கு இரண்டு கையையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து, முழங்கை மடங்காமல், உடம்புப் பாரம் முழுவதும் இறங்க வேண்டும். நான் குழந்தைப் பொம்மையை விடவேயில்லை. பெரிய பொம்மையை ஏதோ கடமைக்கு அமுக்கிவிட்டு எழுந்தேன். என் உலகத்தில் எல்லாரும் தொட்டில் அளவு ஆட்கள்தானே என்ற நினைப்பு.

"ஆள் விழுந்த எடத்துலயே ஆரம்பிங்க. தூக்கிட்டு ஓடுனா நெஞ்ச யாரு அமுக்குறது?" என்றார் மிஸ். இதை எங்கள் மாமாவிடம் வந்து சொல்லிப் பார்க்கட்டும் என்று நினைத்து எனக்குச் சிரிப்பு வந்தது.

அந்த வருசம் முடிவதற்குள் விழுந்தவர் மாமாதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மாட்டுக்குப் புல்லறுத்துக்கொண்டு வந்து புல்லுக்கட்டை வாசலில் போட்டார். "தண்ணி" என்றார். நான் செம்போடு வெளியே வருவதற்குள் புல்லுக்கட்டின் மேலேயே சரிந்துவிட்டார். செம்பைப் போட்டுவிட்டு ஓடினேன். தட்டிக் கூப்பிட்டேன், பதில் இல்லை. வாய் மட்டும் திறந்து திறந்து மூடியது. "மூச்சு வருது, மூச்சு வருது" என்று மாமியார் கத்தினார். அது மூச்சில்லை என்று மிஸ் சொல்லித் தந்திருந்தார். நெஞ்சு நின்ற பிறகும் சிலருக்கு அப்படி வாய் இழுக்குமாம்.

அதற்குள் லயமே கூடிவிட்டது. என் கணவர் கதவுக்குப் பின்னால் இருந்து கம்பளியைப் பிடுங்கிக்கொண்டு வந்தார். ஒருவன் தோட்டத்து லொறிக்கு போன் போட்டான். மற்றவர்கள் தலைமாட்டிலும் கால்மாட்டிலும் பிடித்துத் தூக்கிவிட்டார்கள்.

"கீழ வைங்க!" என்று கத்தினேன்.

அந்த வாசலில் அவ்வளவு சத்தமாக நான் பேசியதே இல்லை. யாரும் கேட்கவில்லை. என் கணவரின் கையைப் பிடித்து இழுத்தேன்.

"ஒனக்கு என்ன பைத்தியமா? விடு. ரோட்டுக்குக் கொண்டு போகணும்."

"ரோட்டுக்குப் போறதுக்குள்ள ஒண்ணுமே இருக்காதுங்க. கீழ வைங்க!"

என்னைப் பார்த்துத் திகைத்துத்தான் வைத்தார்கள் என்று நினைக்கிறேன். மாமாவின் சட்டையைத் திறந்தேன். அவர் முன்னால் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொள்கிற மருமகள் நான். முட்டி போட்டு அவர் நெஞ்சில் இரண்டு கையையும் வைத்து அமுக்க ஆரம்பித்தேன். கைக்குக் கீழே ஏதோ நொறுக்கென்றது. "எலும்ப ஒடிக்கிறாளே, பாவி, ஒடிக்கிறாளே" என்று மாமியார் என் முதுகில் அடித்தார். விலா ஒடிந்தாலும் நிறுத்தக் கூடாது என்று படித்திருந்தேன். ஆனால் பொம்மைக்கு விலா ஒடியாது, பொம்மையின் பெண்சாதி வந்து அழமாட்டாள். கை மரத்துப்போனது. "யாராச்சும் வாங்க, மாத்தி அமுக்குங்க" என்று கூப்பிட்டேன். மறுபடியும் கூப்பிட்டேன். என் கணவர் கம்பளியைக் கையில் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார். ஒருத்தரும் குனியவில்லை.

கீழே ரோட்டில் லொறி ஹோர்ன் அடித்ததும் என்னைத் தள்ளிவிட்டு அவரைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அவர் பிழைக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் சிங்களத்தில், நெஞ்சை அமுக்கியது யார் என்று கேட்டார். கோழித் திருடனைக் காட்டிக் கொடுப்பதுபோல எல்லாரும் என்னைக் காட்டினார்கள். அவர் என்னைப் பார்த்து, செய்ய வேண்டியதைத்தான் செய்தீர்கள், ஆனாலும் சில பேர் திரும்புவதில்லை என்றார். அதை யாரும் தமிழில் மாமியாருக்குச் சொல்லவில்லை. என் கணவருக்குச் சிங்களம் நன்றாகவே தெரியும். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். நானாக எடுத்துச் சொன்னால் நியாயம் பேசுகிறாள் என்பார்கள் என்று நானும் வாயை மூடிக்கொண்டேன்.

செத்த வீட்டில் என் காதுபடவே பேசினார்கள். டிவிசனையே தூக்கிச் சுமந்த மனிதன், அவருக்கென்று வந்தபோது ஒரு பொம்பளை தூக்கவிடாமல் பண்ணிவிட்டாளே என்றார்கள். நேரத்தோடு கொண்டுபோயிருந்தால் இருந்திருப்பாரோ என்று என் கணவர் ஒருநாளும் வாய்விட்டுக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். எனக்குச் சண்டை வரும். சும்மா இருக்கத்தான் வராது. அவர் சாப்பிட்டார், சம்பளம் கொண்டுவந்து கொடுத்தார், பிள்ளைகளோடு சிரித்தார், என் முகத்தை மட்டும் தவிர்த்தார். சரியாகத்தான் செய்தேன் என்று எனக்கே சந்தேகமில்லாமல் சொல்ல முடிந்ததா என்றால், அதுவும் இல்லை. மடுவத்தில் தூங்குகிற பிள்ளைகளின் நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று எந்நேரமும் பார்த்துக்கொண்டே இருப்பேன். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் கண்ணயர்ந்தால் எனக்கு வியர்த்துவிடும். "டீச்சருக்கு ஒரு எடத்துல இருக்க முடியாதே, காலுல சக்கரமா?" என்று பிள்ளை விட வருகிற தாய்மார் என்னைக் கேலி செய்வார்கள்.

இப்போது லயம் வரைக்கும் சிமெண்டுப் பாதை வந்துவிட்டது. ஓட்டோ வாசலுக்கே வருகிறது. அம்புலன்சும் கூப்பிட்டால் பாதி மலை ஏறிவிடும். ஆனாலும் யாராவது விழுந்தால் இன்னமும் தூக்கு என்றுதான் சத்தம் கேட்கிறது. எனக்குப் பொறுக்கவில்லை. போன மாதம் தோட்டத்துக் கிளப்பில் நானே ஒரு வகுப்பு வைத்தேன். மிஸ்ஸிடம் பொம்மைகளை இரவல் வாங்கினேன். பெண்கள் வந்தார்கள், ஆண்கள் கதவோரம் நின்று வெற்றிலை போட்டார்கள். என் கணவர் எல்லாருக்கும் பிளேன்டீ கொண்டுவந்தவர், கேத்தலைக் கீழே வைத்துவிட்டுத் திடீரென்று உள்ளே வந்து பெரிய பொம்மைக்கு முன்னால் முட்டி போட்டார்.

"எங்க கை வைக்கணும்?" என்றார்.

காட்டினேன். அமுக்கினார். உர மூட்டையைத் தலையில் வைத்து மலையேறுகிற ஆள். கொஞ்ச நேரத்திலேயே மூச்சு வாங்கியது. நெற்றி வியர்வை பொம்மைமேல் சொட்டியது. நிறுத்திவிட்டு, பல வருசத்துக்குப் பிறகு என் முகத்தை நேராகப் பார்த்தார்.

"அன்னைக்கு லொறி வர்ற வரைக்கும் நீ ஒருத்தியேவா அமுக்குன?"

"ஆமாங்க."

"நாங்க எல்லாம் என்ன பண்ணிக்கிட்டு இருந்தோம்?"

"நின்னுக்கிட்டு இருந்தீங்க."

 அவர் கையைப் பொம்மையின் நெஞ்சிலிருந்து எடுக்கவில்லை.

"ஒரு ஆளத் தூக்கிட்டுப் போனா திருப்பத்துக்குத் திருப்பம் தோள் மாத்துவோம். ஒனக்குத் தோள் மாத்த ஒருத்தன் வரலியே. பெத்த மகன், நான்கூட வரலியே" என்றார்.

இந்தப் பேச்சு எப்போதாவது வரும், வந்தால் நன்றாகக் கேட்டுவிட வேண்டும் என்று எத்தனையோ சொல் சேர்த்து வைத்திருந்தேன். அதையெல்லாம் விட்டுவிட்டு அத்தனை பேருக்கு முன்னால் அழுதேன். அவர் கதவோரம் நின்றவர்களைத் திரும்பிப் பார்த்து, "வேடிக்கை பார்த்தது போதும், உள்ள வாங்கடா" என்றார். பிறகு மறுபடியும் அமுக்கத் தொடங்கினார்.