தமிழ்ப் பள்ளியில் எனக்குக் கிடைத்த கோப்பை

ரவுண்ட் ராக்கில் என் ஆபீஸில் ஒரு வேல்ஸ்காரர் இருக்கிறார். அவர் ஊர்ப் பள்ளிகளில் இப்போது எல்லாப் பிள்ளைகளும் ஊர் மொழியான வெல்ஷ் படிக்க வேண்டுமாம். ஒரு காலத்தில் வெல்ஷ் பேசிய பிள்ளையின் கழுத்தில் மரக்கட்டையைத் தொங்கவிடுவார்களாம். லஞ்சில் சொல்லி வருத்தப்பட்டார். எங்களுக்குக் கட்டை இல்லை, லேமினேட் செய்த அட்டை என்றேன். ஜோக் என்று நினைத்துச் சிரித்தார். பாவம், நல்ல மனுஷன்.

நான் வளர்ந்த பிஸ்கட்டவே ஊரில் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பள்ளி. வாடகைக்கு எடுத்த வகுப்பறை, தரை துடைத்த எலுமிச்சை வாசனை. அந்த வாசனை எங்கே வந்தாலும் இன்றைக்கும் என் கை கழுத்துக்குப் போகும். இங்கிலீஷ் பேசினால் அட்டை ஏறும். இங்கிலீஷ் பேசும் இன்னொருவரைக் காட்டிக் கொடுத்தால்தான் இறங்கும். கடைசியில் யாரிடம் இருக்கிறதோ அவருக்குச் சமோசா கிடையாது. தமிழை வளர்க்கிறோம் என்று கோள்சொல்லிகளை வளர்த்தார்கள்.

சமோசா கிடக்கட்டும், எனக்குத் தமிழ் வேண்டியிருந்தது. வீட்டில் அம்மா தமிழில் கேட்பாள், நான் இங்கிலீஷில் பதில் சொல்வேன். ஸ்ட்ரோக் வந்து பிழைத்தபோது அவளுக்கு இங்கிலீஷ் முழுக்கப் போய்விட்டது. நான் பேசுவதைக் குறைத்தேன். அவளுக்கு அது வேறு மாதிரி பட்டது.

"என் வாய் கோணிப் போச்சுன்னு என்கூடப் பேச வெக்கமாடி?"

"இல்ல" என்றேன். ஒற்றை "இல்ல"வை எந்த அம்மா நம்புவாள்? தெரபிக்கும் ஆபீஸுக்கும் ஓடிக்கொண்டிருந்த அப்பாவிடம் இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. டீச்சர் ஆன்ட்டியிடம் போனேன். "வெக்கம் இல்லம்மா, பேசத் தெரியல" என்பதற்கு வழி கேட்டேன், இங்கிலீஷில்தான்.

"தமிழ்ல கேளு கண்ணா, சொல்றேன்" என்று சிரித்தபடி அட்டையை மாட்டினார்.

அதன்பிறகு அந்த வகுப்பில் நான் வாயே திறக்கவில்லை. அதற்குத்தான் பரிசு கிடைத்தது. ஆண்டு விழாவில், மாதக்கணக்கில் இங்கிலீஷ் கலக்காத மாணவி என்று மேடையில் கூப்பிட்டுக் கோப்பை கொடுத்தார்கள். சக்கர நாற்காலியில் இருந்த அம்மா கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

"இவ்ளோ தமிழ் தெரிஞ்சும் என்கூடப் பேச மாட்டேங்கிறியேடி."

இப்போது அந்த வகுப்பே இல்லை. பிள்ளைகள் போனில் படிக்கிறார்கள். எதையும் இங்கிலீஷில் கேட்கலாம், அடுத்த நொடி தமிழில் சொல்லிவிடுகிறது. நானும் காலேஜில் கற்றுக்கொண்டு, இதோ தமிழில் எழுதுகிறேன். அம்மா கோப்பை வாங்கிய வருஷக் குளிர்காலத்திலேயே போய்விட்டாள், என்னைப் பற்றி அப்படியே நினைத்துக்கொண்டு.