போகிறேன் என்று சொன்னவள்

ஏழு வருடங்களுக்கு முன்பு, சைகோனில் மழைக்காலம். தாவோ தியென் பகுதியில் இருந்த எங்கள் வீட்டில் ஞாயிறு மாலைகளில் சில தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பங்கள் செபத்துக்குக் கூடுவோம். அப்படி ஒரு ஞாயிறன்று ஒரு செய்தி வந்தது. பக்கத்து மாநிலமான பின் யுவோங்கில் ஒரு செருப்புத் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் நம் ஊர்க்காரர் ஒருவரின் மனைவிக்கு ஆபரேஷனில் குழந்தை பிறந்திருக்கிறது. அவருக்கு லீவு இல்லை. பகலெல்லாம் அவள் ஆஸ்பத்திரியில் தனியாகக் கிடக்கிறாள், மொழியும் தெரியாது. யாராவது போக முடியுமா?

முதலில் கை தூக்கியது நான்தான். நாளைக்கே சாப்பாட்டோடு போகிறேன் என்றேன். டான் சோன் நாட் விமான நிலையத்தின் சரக்குப் பிரிவில் வேலை பார்க்கும் ஓர் அக்கா, தன்னால் முடியாது என்று பட்டென்று சொல்லிவிட்டார். எனக்கு அவர்மேல் கோபம்கூட வந்தது.

அடுத்த ஞாயிறு நற்செய்தி விளக்கம் என் முறை. இரண்டு மகன்கள் உவமை. திராட்சைத் தோட்டத்துக்குப் போ என்கிறார் அப்பா. மாட்டேன் என்ற மகன் பிறகு மனம் மாறிப் போகிறான். போகிறேன் என்றவன் போகவே இல்லை.

திங்களன்று மழை. செவ்வாயன்று நான் பாடம் நடத்தும் பள்ளியில் கூட்டம். புதனன்று குறிப்பு எழுத உட்கார்ந்தேன். இரண்டு வரி எழுதுவேன், எழுந்து ஜன்னலுக்குப் போவேன், திரும்ப வந்து உட்காருவேன். அந்த இரண்டாவது மகன் யார் என்று எழுத வேண்டிய இடத்தில் கை நின்றுவிட்டது. அந்தக் காலத்துத் தலைமைக் குருக்கள் என்று எழுதி நோட்டை மூடினேன். அன்று தூக்கமே இல்லை.

வெள்ளிக்கிழமைதான் ரசம் சாதத்தோடு போனேன். கட்டிலில் அந்த அக்கா உட்கார்ந்து, அந்தப் பெண்ணுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தார். திங்கள் முதல் தினமும் வேலை முடிந்து பஸ்ஸில் வந்திருக்கிறார். தையல் போட்ட இடத்தில் சீழ் வைத்து, காய்ச்சலில் அவள் நடுங்கியதை, அரைகுறை வியட்நாம் மொழியில் நர்ஸிடம் சொல்லிப் புரியவைத்ததும் அவர்தான். இன்னும் ஒரு நாள் போயிருந்தால் ஆபத்து என்றாராம் டாக்டர்.

"முடியாதுன்னு சொல்லிட்டு வீட்டுக்குப் போனேன். மனசு கேக்கலை," என்றார் அக்கா. பிறகு, குறை சொல்லும் தொனியே இல்லாமல், "நீ சாப்பாடு எடுத்துட்டு வந்திருப்பேன்னு நினைச்சு, முதல் நாள் வெறுங்கையோட வந்துட்டேன்," என்றார்.

நான் வருவதாகச் சொல்லியிருந்ததால், அந்தத் திங்களன்று மாலைவரை அந்தப் பெண் வெறும் பாலைக் குடித்துவிட்டு எனக்காகக் காத்திருந்தாளாம். என்னால் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ஞாயிறன்று நோட்டைத் திறக்கவில்லை. நடந்ததை அப்படியே சொன்னேன். மறுநாளிலிருந்து அவள் வீடு திரும்பும்வரை, மதியச் சாப்பாட்டோடு போய்வந்தேன்.

போகிறேன் என்ற மகனுக்கு அப்பா தோட்டத்தின் கதவை அடைத்துவிட்டதாக அந்த உவமையில் எங்கும் இல்லை. அந்த ஆறுதல் இருந்தாலும், இன்றும் யாரிடமாவது வருகிறேன் என்று சொல்லிவிட்டால், போய்ச் சேரும்வரை எனக்கு இருப்புக் கொள்வதில்லை.