சுமை ஏற்றிப் பார்த்த நாள்

என் நாத்தனாருக்கு அப்போது நிறைமாதம். பிரசவத்தை எங்கள் பழவேற்காட்டு ஆஸ்பத்திரியில் வைத்துக்கொள்வதா, பொன்னேரிக்குப் போவதா என்று ஏரிக்கரைக் குப்பமான தோணிரேவிலிருந்து தினமும் போன் செய்து கேட்பாள். "நீ இன்னா சொல்றியோ அதான் அண்ணி. நீதானே அங்க வேல செய்ற" என்பாள். நான் டிப்ளமோ படித்துவிட்டு அந்த ஆஸ்பத்திரியின் மின்சாரப் பராமரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் கைக்குழந்தையும் அங்கேதான் பிறந்தது. ஆனாலும் அவளுக்கான பதில் ஆஸ்பத்திரிக்குப் பின்னால், தகரக் கொட்டகையில் இருந்த ஜெனரேட்டரிடம் இருந்தது.

பிரசவ விடுப்பு முடிந்து திரும்பிய அன்று அதன் புகைக்குழாயின் வாயைப் பார்த்தேன். கறுப்பாக, பிசுபிசுப்பாக எண்ணெய் சொட்டிக்கொண்டிருந்தது. ஐஸ் பேக்டரியிலும் வேலை பார்க்கும் மெக்கானிக் வெள்ளிக்கிழமைதோறும் வந்து அதை ஸ்டார்ட் செய்வார், கொஞ்ச நேரம் ஓடவிட்டு அணைப்பார். ஒரு பல்புகூட அதில் இணைந்திருக்காது.

"ஸ்டார்ட் ஆவுதா? ஆவுது. அப்புறம் இன்னா மேடம் ஒனக்கு?" என்றார்.

வெறுமனே ஓடும் இஞ்சினில் டீசல் முழுதாக எரியாது. கரியும் எண்ணெயும் உள்ளேயே படியும். ஸ்டார்ட் ஆவதில் குறை தெரியாது; உண்மையான சுமை ஏறும்போதுதான் மூச்சுத் திணறும். இதை டாக்டரம்மாவிடம் சொன்னேன். சொன்ன உடனேயே, சொல்லியிருக்க வேண்டாமோ என்றும் தோன்றியது.

அவர் நேராகக் கேட்டார். "மழையில கரண்ட் போனா இது தாங்குமா, தாங்காதா? தாங்காதுன்னா இந்த சீசன் முழுக்க பிரசவக் கேஸ் எடுக்க மாட்டேன். எல்லாரையும் பொன்னேரிக்கு அனுப்பிடுவேன்."

மழை வலுத்தால் பொன்னேரி சாலை எப்படி இருக்கும் என்று எங்கள் இருவருக்குமே தெரியும்.

அதனால் ஒரு லோடு பேங்க் தேவைப்பட்டது. பெரிய இரும்புப் பெட்டி. உள்ளே ஹீட்டர் கம்பிச் சுருள்கள், ஒரு பக்கம் மின்விசிறி. ஜெனரேட்டர் தரும் மின்சாரத்தை எல்லாம் சூடாக மாற்றி வெளியே ஊதித் தள்ளும். படிப்படியாகச் சுமையைக் கூட்டி, இஞ்சின் எதுவரை தாங்குகிறது என்று பார்க்கலாம்.

சென்னையில் வாடகைக்குக் கொடுப்பவர், மோட்டார் போலவே மின்சாரம் இழுக்கும் சுருள்களும் சேர்ந்த பெரிய பெட்டியை எடுக்கச் சொன்னார். "அதுதான் சேஃப் மேடம்." சேஃப் என்ற சொல்லைக் கேட்டால் எனக்கு உடனே சரி என்று சொல்லத் தோன்றும். ஆனால் அந்தப் பெட்டிக்குக் கிரேன் வைத்த லாரி வேண்டும். டச்சுக் கல்லறை முக்கில் அந்த லாரி திரும்பாது.

மெக்கானிக் வேறு வழி சொன்னார். "ஒரு டிரம்ல ஏரித் தண்ணி, கரண்ட் குடுத்த மூணு இரும்புத் தகடு. எறக்க எறக்க லோடு ஏறும். ஐஸ் பேக்டரில அப்டித்தான் பாத்தோம். இதுக்குப் போயி மெட்ராஸ்லேர்ந்து பொட்டியாம்!"

அவர் சொன்னது பொய்யில்லை. ஆனால் ஏரித் தண்ணீரின் உப்பு முகத்துவாரம் திறப்பதைப் பொறுத்தும் மழையைப் பொறுத்தும் மாறும். தண்ணீர் சூடாகச் சூடாக மின்சாரத்தை இன்னும் கூடுதலாக இழுக்கும். பிள்ளைகள் ஓடியாடும் இடத்தில் திறந்த டிரம்மில் மின்சாரத்தை விட எனக்குத் துணிச்சல் இல்லை.

குழந்தைக்குப் பால் கொடுத்தபடியே மறுபடி மறுபடி யோசித்தேன். எனக்குச் சந்தேகம் இஞ்சின் மேல்தான். அதைச் சோதிக்க வெறும் ஹீட்டர் பெட்டி போதும். மோட்டார் சுமைக்கு, எங்கள் போர்வெல் பம்பையே கடைசியில் போட்டுப் பார்த்துவிடலாம். சிறிய பெட்டியையே அனுப்பச் சொன்னேன். போனை வைத்ததும், பெரியதையே கேட்டிருக்கலாமோ என்று மறுபடி கையில் எடுத்தேன்.

பெட்டி வந்த அன்று வானம் மூடியிருந்தது. சூடான காற்று பிரசவ வார்டு ஜன்னலுக்குப் போகக்கூடாது என்று, அதன் வாயை ஏரிப் பக்கம், இடிந்த சுற்றுச்சுவரை நோக்கித் திருப்பி வைத்தேன்.

கால் பங்கு சுமையில் இஞ்சின் சாதாரணமாக ஓடியது. பாதியில் குரல் கனத்தது. முக்கால் பங்குக்குப் போனதும் கொட்டகைக்கு மேல் கரும்புகை கொட்டியது. நிறுத்திவிடலாமா என்று கை ஸ்விட்சுக்குப் போய்ப் போய் வந்தது. நிறுத்தவில்லை. படிந்த கரி எரிய வேண்டும் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். வெகுநேரம் கழித்துப் புகை சாம்பல் நிறமானது. பிறகு மெல்லியதானது. முழுச் சுமையையும் ஏற்றினேன்.

திடீரென்று மீட்டர் முள் கீழே விழுந்தது.

"போச்சு!" என்றார் மெக்கானிக். "நல்லா ஓடிக்கினு இருந்த வண்டி. படுக்க வெச்சிட்டியே!"

டாக்டரம்மா வாசலுக்கு வந்துவிட்டார். நான் காது கொடுத்துக் கேட்டேன். ஆனால் இஞ்சின் நிற்கவில்லை. பாரம் இறக்கியதுபோல் லேசாக ஓடிக்கொண்டிருந்தது. அப்படியானால் விழுந்தது ஜெனரேட்டர் இல்லை. லோடு பேங்க்தான் சூடு தாங்காமல் தானாகக் கழற்றிக்கொண்டிருக்கிறது. ஏன்?

பெட்டியின் மறுபக்கம் ஓடினேன். கருவாடு போடும் அக்கா ஒருத்தி, பெட்டியின் வாய்க்கு நேராக இரண்டு கழிகளை நட்டு, வலையை இரட்டையாகக் கட்டி, நெத்திலியை நெருக்கமாகப் பரப்பியிருந்தாள். எப்போதும் அந்தச் சுவர் மேல்தான் காயப்போடுவாள். காற்று வெளியேற வழியே இல்லை.

"அக்கா, இன்னா பண்ணி வெச்சிருக்க!"

"வெயிலே இல்ல கண்ணு, மீனு ஊசிப்பூடும். நல்ல வெக்கக் காத்து வீணாத்தானே போவுது? டாக்டரம்மாவுக்கும் ஒரு படி தர்றேன், போ."

டாக்டரம்மா மூக்கைப் பொத்திக்கொண்டே சிரித்தார். நான் சிரிக்கவில்லை. ஜன்னலைப் பற்றி யோசித்த நான் மீனைப் பற்றி யோசிக்கவில்லை. கழிகளைத் தள்ளி நடச் சொல்லிவிட்டு, பெட்டி ஆறியதும் முதலிலிருந்து தொடங்கினேன்.

இந்த முறை முழுச் சுமையும் நின்றது. புகை ஏறக்குறைய தெரியவில்லை. கடைசியில் பெட்டியைக் கழற்றி, வார்டையும் ஏசியையும் ஜெனரேட்டருக்கு மாற்றி, பம்பைப் போட்டேன். விளக்குகள் ஒரு கணம் மங்கின. இஞ்சினின் சத்தம் இறங்கி, பிறகு மேலேறி நிலைத்தது.

"நம்பலாமா?" என்றார் டாக்டரம்மா.

ஒருவேளை, இருந்தாலும், எதற்கும் என்று வாயில் வந்ததை எல்லாம் விழுங்கினேன். "நம்பலாம் மேடம். ஆனா இனிமே வெள்ளிக்கிழமை சும்மா ஓட்டக்கூடாது. வார்டு லோடோடதான் ஓட்டணும்."

"இன்னா, என் வேலைய நீ சொல்லித் தர்றியா?" என்று மெக்கானிக் முணுமுணுத்தார். அடுத்த வெள்ளிக்கிழமை வந்தபோது லோடோடு ஓட்டினார்.

அன்றே நாத்தனாருக்குப் போன் செய்து, இங்கேயே வா என்றேன்.

அவளுக்கு வலி எடுத்தது அடைமழையில், பட்டப்பகலில். பிரசவ அறை வாசலில் நின்றிருந்தேன், கரண்ட் போனது. கருமேக அரையிருட்டில் மழைச் சத்தம் மட்டும். பிறகு கொட்டகையில் உறுமல் கேட்டது, விளக்குகள் எரிந்தன. யாரோ பம்பைப் போட்டார்கள். சத்தம் இறங்கியது. அது மறுபடி மேலேறும்வரை கேட்டுக்கொண்டு நின்றேன்.

உள்ளிருந்து நாத்தனார் கத்தினாள். "யம்மா... அண்ணி, அந்த மெஷினு தன்னால ஓடும்! நீ உள்ள வா!"

உள்ளே போனேன். பிறக்கப்போகும் குழந்தையைக் கிடத்தும் மேசைக்கு மேல், ஜெனரேட்டர் கரண்டில் ஹீட்டர் சிவந்து எரிந்துகொண்டிருந்தது.