ஃபென்னாவுக்கு ஒரு வெள்ளைப் போர்வை

சிறிதரன் நல்ல மனுஷன்தான். லிட்கமில் ஒரு சாமான் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார், வாய் அதிகம் இல்லை, யாருக்கும் கெடுதல் நினைத்ததில்லை. ஆனால் மகள் தாரகா பெரியபிள்ளையாகி, அவளுடைய சாமத்தியவீடு என்று வந்ததும், ஊரில் எல்லாரையும் பிடித்த பைத்தியம் அவரையும் பிடித்துக்கொண்டது. போன வருஷம் ஒருவர் தன் பிள்ளையை ஹெலிகொப்டரில் கொண்டுவந்து இறக்கியிருந்தார். இன்னொருவர் பல்லக்கு. சிறிதரனுக்கு மிச்சமிருந்தது குதிரை வண்டிதான்.

கெல்லிவில்லுக்கு அப்பால் ஹென்ட்ரிகா என்ற டச்சுக்காரி குதிரை வண்டி வாடகைக்கு விடுகிறாள் என்று கேள்விப்பட்டுப் போனார். மனதில் இருந்தது வெள்ளைக் குதிரை. லாயத்தில் நின்றதோ கன்னங்கரேல் என்று ஒன்று. கழுத்து மயிர் முழங்கால்வரை தொங்கியது, குளம்பை மூடிக்கொண்டு காலிலும் மயிர். பெயர் ஃபென்னா. வெள்ளையில் இல்லையா என்று கேட்டார். ஹென்ட்ரிகாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இது ஃபிரீஷியன், எங்கள் ஊரின் பழைய இனம், இதற்குக் கறுப்புத்தான் பெருமை என்றாள். நெற்றியில் பொட்டளவு வெள்ளை இருந்தால் விட்டுவிடுவார்களாம். அதற்கு மேல் இருந்தால் குறையாம். கேட்டுக்கொண்டிருந்த சிறிதரனுக்கு இது புதினமாக இருந்தது. கறுப்பைக் குறையில்லை என்று சொல்லி அவர் கேட்டிருக்கிறார், பெருமை என்று சொல்லிக் கேட்டதில்லை.

வண்டியில் ஏறப்போகிற பிள்ளையைக் குதிரை முதலே அறிந்திருக்கவேண்டும் என்பது ஹென்ட்ரிகாவின் சட்டம். அதனால் சனிக்கிழமைகளில் தகப்பனும் மகளும் போனார்கள். தாரகா ஃபென்னாவின் பிடரி மயிரைச் சிக்கெடுத்துப் பின்னப் பழகினாள். அந்த மயிரைக் கத்தரிக்கவே கூடாது என்று தகப்பனுக்குப் பாடம் எடுத்தாள். ஃபென்னா முன்காலை மடக்கித் தூக்கி, நாட்டியக்காரிபோல ஓடும்போது சிறிதரன் வாயைப் பிளந்துகொண்டு நிற்பார். வேலையிடத்தில் எல்லாருக்கும் படம் காட்டினார். இதில் கேலி செய்ய ஒன்றுமில்லை, அந்த மனுஷனுக்கு உண்மையாகவே குதிரையைப் பிடித்துப்போயிற்று.

மெல்பேர்னிலிருந்து மனைவியின் தமையன் துஷாந்த் வந்திறங்கும்வரை எல்லாம் நன்றாகத்தான் போனது. தாய்மாமன் அல்லவா, சடங்கில் அவர் வைத்ததுதான் சட்டம். படத்தைப் பார்த்தார், போனைத் திருப்பிக் கொடுத்தார்.

"கறுப்புக் குதிரையோ மச்சான்? வெள்ளைக்காரர் செத்தவீட்டுக்குப் பிடிக்கிற சாமான் இது. பிள்ளையும் உம்மட நிறம். வீடியோவில ஒண்டும் தெரியாது."

சிறிதரன் அதற்கு மறுமொழி சொல்லியிருக்கலாம். சனிக்கிழமைகளில் கேட்டதையெல்லாம் எடுத்துவிட்டிருக்கலாம். ஆனால் தாரகா பிறந்தபோது பார்க்க வந்தவர்கள் "தகப்பன்ர நிறம்" என்று சொல்லிவிட்டு ஒரு கணம் பேசாமல் இருந்தார்களே, அது அவருக்கு ஞாபகம் வந்தது. கூனிப்போனார். அடுத்த நாளே வெள்ளை சாட்டின் வாங்கி, கண்ணுக்கும் காதுக்கும் ஓட்டை வைத்துக் குதிரைக்கு உடுப்புத் தைக்கக் கொடுத்தார். மேக்கப் போடுகிற பெண்ணுக்கும் போன் எடுத்து, பிள்ளையைக் கொஞ்சம் வெள்ளையாகக் காட்டச் சொன்னார். ஒரே மூச்சில் இரண்டு வேலையையும் முடித்தார்.

சடங்கன்று நல்ல வெயில். மண்டபத்து வாசலில் சனம் போனைப் பிடித்துக்கொண்டு நின்றது, கொஞ்சம் தள்ளிக் குதிரை வண்டி. இந்தச் சூட்டில் குதிரையை மூடுவது சரியில்லை என்று ஹென்ட்ரிகா மறுத்துப் பார்த்தாள். கொஞ்ச நேரம்தான் என்று சிறிதரன் கெஞ்சிப் போர்த்துவித்தார். ஃபென்னா தலையை ஆட்டி ஆட்டிக் காலால் நிலத்தைத் தட்டியது.

தாரகா காரிலிருந்து இறங்கினாள். முகம் மாவில் புரட்டியதுபோல இருந்தது. கைகள் அவளுடைய கைகளாகவே இருந்தன. பிடரியில் வைப்பதற்காக, தானே கட்டிய மல்லிகைச் சரத்தைக் கையில் வைத்திருந்தாள். குதிரையைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"ஏன் ஃபென்னாவை மூடி வைச்சிருக்கிறீங்கள்?"

வீடியோவுக்கு வடிவாக இருக்கும் என்று சிறிதரன் எங்கேயோ பார்த்துக்கொண்டு சொன்னார். பிள்ளை குதிரையைப் பார்த்தாள். பிறகு வண்டி விளக்கின் கண்ணாடியில் தெரிந்த தன் முகத்தைப் பார்த்தாள். கோபப்படவில்லை, அழவில்லை. கணக்கில் சந்தேகம் கேட்பதுபோலத்தான் கேட்டாள்.

"மேக்கப் அன்ரிட்ட சொன்னதும் நீங்கள்தானோ, அப்பா?"

அவர் அம்மாவைச் சொல்லித் தப்பியிருக்கலாம். மாமாவைச் சொல்லியிருக்கலாம். இரண்டும் வாயில் வந்து நின்றன.

"ஓம்," என்றார்.

தாரகா, கணக்குச் சரி என்பதுபோலத் தலையாட்டினாள். அதுதான் அவரை வெட்டிப்போட்டது. போய்ப் போர்வையின் முடிச்சுகளை அவிழ்க்கத் தொடங்கினார். நல்லநேரம் போகுது, என்ன செய்யிறீர் என்று துஷாந்த் பின்னாலிருந்து சத்தம் போட்டார். சிறிதரன் திரும்பவில்லை. சாட்டின் சரிந்து விழுந்ததும், வியர்வையில் நனைந்த ஃபென்னா வெயிலில் கறுப்பாக மின்னிக்கொண்டு பெருமூச்சு விட்டது. சனத்தில் யாரோ "அம்மாடி" என்றார்கள்.

அந்தத் துணியின் ஒரு நுனியால் மகளின் கன்னத்தைத் துடைக்கக் கையை நீட்டினார். தாரகா முகத்தை விலக்கிக்கொண்டாள்.

"வேண்டாம். நானே துடைக்கிறன்."

துணியை வாங்கி, சரத்தை அவர் கையில் கொடுத்தாள். அழுத்தித் துடைத்தாள். மை கலைந்து, பாதி வெள்ளையும் பாதி தன் நிறமுமாக வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். சரத்தைப் பிடரியில் வைத்துவிட்டு, சிறிதரன் கடிவாளத்தைப் பிடித்துக் குதிரையின் தலைக்குப் பக்கத்தில் நடந்தார். பின்னால் திரும்பி மகளைப் பார்க்க அவருக்கு முகமில்லை. மண்டப வாசல்வரை குதிரையின் முகத்தையே பார்த்துக்கொண்டு போனார்.