றைவர் தம்பிஐயாவின் சூடு

தம்பிஐயாவை நான் முதன்முதல் கண்டபோது அவர் பாதி ஆளாகத்தான் வானின் ஓட்டுநர் இருக்கையில் இருந்தார். மற்றப் பாதி கதவுப் பக்கம் அந்தரத்தில் தொங்கியது. 1992ஆம் ஆண்டு. ஊரெழுவிலிருந்து திருநெல்வேலிப் பல்கலைக்கழக வளாகத்துக்குப் பலாலி வீதியில் மினிவானில் போய்வரத் தொடங்கியிருந்தேன். எங்கள் பரம்பரையில் அந்த வளாகத்துக்குள் கால் வைத்த முதல் ஆள் நான். ஆகவே வானிலும் முன்னுக்குத்தான் நிற்பதென்று முடிவு செய்திருந்தேன்.

"என்னண்ணை, சரிஞ்சு இருக்கிறியள்?"

"சூடு, தம்பி. குந்துற இடத்திலை சீழ்க்கட்டு வந்திருக்கு. வலப்பக்கம் பழுத்திட்டுது, இடப்பக்கம் இப்பதான் வெளிக்கிடுது."

"உடம்புச் சூடு எல்லாருக்கும் தொண்ணூற்றெட்டுச் சொச்சம்தானே அண்ணை?" பௌதிகம் படிக்கிறவன் வேறென்ன சொல்வான்?

"அது சீற்றுக்கு மேலை, தம்பி. நான் சொல்லுறது சீற்றுக்குக் கீழை."

கீழேதான் எஞ்சின். போர்க்காலத் தடையால் டீசலைக் கண்ணால் காண முடியாத நாட்கள். வான் மண்ணெண்ணெயில் ஓடியது. வெறும் மண்ணெண்ணெய் எஞ்சினை வறட்டிவிடும் என்று அதோடு ஏதாவதொரு எண்ணெயைக் கலப்பார்கள். வானின் முதலாளி இராசநாயகம் அதிலும் கை இறுக்கம். எஞ்சின் அடுப்பாய்க் கொதித்தது.

தம்பிஐயா இணுவிலுக்குப் போய் நாட்டு வைத்தியர், பரியாரியார் நமசிவாயத்திடம் கண்ணையும் நாக்கையும் காட்டினார். காட்ட வேண்டிய மற்றதையும் காட்டினார். நண்டு, கணவாய், கத்தரிக்காய், செத்தல் மிளகாய் எல்லாம் விலக்கு. மோரும் வெந்தயக் கஞ்சியும் பொன்னாங்காணியும் சேர்க்க வேண்டும்.

"புதனும் சனியும் நல்லெண்ணெய் முழுக்கு. எண்ணெய் வைச்ச நாள் வெயிலிலை திரியப்படாது. பகல் நித்திரையும் கூடாது."

"அப்ப வான்?"

"வானைப் பற்றி என்னட்டைக் கேளாதையும். நான் மனிசருக்குத்தான் பரியாரி."

மனைவி பராசக்தி அன்றே நண்டுச் சட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டார். "மனிசி தாற கஞ்சியைப் பார்த்தால் எனக்கு இன்னும் சூடு ஏறுது" என்று தம்பிஐயா வீதி முழுக்க முறையிட்டுக்கொண்டு ஓட்டினார்.

ஆனால் முழுக்குக்கு வழியில்லை. முதலாளி சொல்லிவிட்டார்: "நேராய் இருந்து ஓடு. இல்லையெண்டால் வான் திறப்பை என்ரை மச்சானிட்டைக் குடு." மச்சான் சீவரத்தினம் அதுவரை ஓட்டியது உழவு மெசின் மட்டும். முழுக்குக்கு லீவு கேட்டால் வான் கைவிட்டுப் போகும். கேளாவிட்டால் கட்டு முற்றும், அப்போதும் வான் போகும். வேறு தொழில் தெரியாத தம்பிஐயா, கடைசியில் ஒரு சனிக்கிழமை முழுகியே தீருவது என்று பட்டணத்தில் அலைந்து ஒரு போத்தல் நல்லெண்ணெய் தேடிப் பிடித்தார்.

அது முதல் நாள் வெள்ளிக்கிழமை. போத்தலைத் துவாயால் சுற்றிக் காலடியில் வைத்துக்கொண்டு திரும்பி வருகிறோம். முதலாளியும், பாதை பழக வந்த மச்சானும் முன்னால் இருந்தார்கள். பட்டணம் போன பரியாரியாரும் ஏறியிருந்தார். கோண்டாவிலில் வான் இருமியது, புகைந்தது, நின்றது. உச்சி வெயில்.

"கலந்த எண்ணெய் காணாது" என்றார் தம்பிஐயா.

முதலாளியின் கண் துவாயில் விழுந்தது. "உதென்ன போத்தல்?"

"அது என்ரை தலைக்கு."

"உன்ரை தலையோ வான் ஓடுறது?" என்றார் மச்சான்.

"ஊத்துங்கோ அண்ணை, இஞ்சை நாங்கள் வதங்குறம்!" என்று பின்னாலிருந்து மக்டலீன் ரீச்சர் கத்தினார்.

பரியாரியார் இறங்கி வந்து, நாடி பிடிப்பதுபோல எஞ்சின் மூடியில் விரல் வைத்து, வைத்த வேகத்தில் எடுத்தார். "பித்தம் தலைக்கேறிப் போச்சு. ஊத்தும்."

தம்பிஐயா போத்தலைக் குழந்தைபோல அணைத்துக்கொண்டு யோசித்தார். பிறகு, "ஊத்துறன். அப்ப வானுக்குப் பத்தியம்? எண்ணெய் வைச்சால் வெயிலிலை திரியப்படாதெண்டு நீங்கள்தானே சொன்னியள்?"

அத்தனை சனத்துக்கு முன்னால் பரியாரியார் சொன்ன சொல்லை மாற்றுவாரா? "ஓம்... ஆருக்கெண்டாலும் பத்தியம் பத்தியம்தான்."

"கேட்டியளோ முதலாளி? இனி வானுக்கும் புதனும் சனியும் முழுக்கு. வெயில் தாழ்ந்தாப்பிறகுதான் ஓடும்."

"உனக்கென்ன விசரோ?"

"அப்ப இந்தாங்கோ திறப்பு. மச்சான் ஓடட்டும். போத்தல் என்னோடை வீட்டை வரும்."

மச்சான் சந்தோஷமாக ஏறி இருந்தார். இருந்ததிலும் வேகமாக எழும்பினார். "ஐயோ அத்தான்! இதிலை மனிசர் இருக்கேலுமோ!"

வான் முழுக்கச் சிரிப்பு. "முதலாளி, ஓமெண்டு சொல்லுங்கோவன். இல்லாட்டில் இறங்கித் தள்ளுங்கோ" என்றார் ரீச்சர். இராசநாயகம் வெயிலைப் பார்த்தார், மச்சானைப் பார்த்தார், ஓமென்றார்.

எண்ணெய் உள்ளே போனது. ரேடியேற்றருக்குத் தண்ணீர் வார்த்து, தள்ளியதும் வான் வெளிக்கிட்டது. உரும்பிராய் வரைக்கும் வடை சுடுகிற வாசம். சந்தியில் நின்றவர்கள் ஆர் வீட்டுக் கொண்டாட்டம் என்று எட்டிப் பார்த்தார்கள்.

அடுத்த கிழமையிலிருந்து முதலாளி எஞ்சினுக்கு ஒரு போத்தல், றைவரின் தலைக்கு ஒரு போத்தல் என்று வாங்கத் தொடங்கினார். அந்த இரண்டு நாட்களும் தம்பிஐயா காலையில் முழுகிப் பகலெல்லாம் நித்திரை கொள்ளாமல், பராசக்தி காவலிருக்க, வீட்டுக்குள் கொட்டாவி விட்டபடி குந்தியிருப்பார். மாலையில் வானெடுப்பார். மாரி தொடங்குமுன் கட்டுகள் வற்றிவிட்டன.

நான் பட்டம் பெற்று இப்போது படிப்பிக்கிறேன். தம்பிஐயாவுக்கு வயது ஐம்பத்தாறு. பராசக்தியோடு உரும்பிராயில் இருக்கிறார்; பலாலி வீதியில் அதே வானை ஓட்டுகிறார்.